கல்லூரிக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது?

  

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் வண்ண வண்ணத் துண்டறிக்கைகள். அவற்றில் பளிங்குக் கட்டடங்கள், நீச்சல் குளங்கள், வரிசையாக நிற்கும் பேருந்துகள். "ஹஜ்ரத், இதில் எது நல்ல காலேஜ்? பைத்துல்மாலில் கல்விக் கடன் கேட்டிருக்கிறோம். மீதிக்கு நகையை அடகு வைக்கப்போகிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்பார்கள்.

மதரஸாவில் ஓதி வந்த அடியேனுக்குப் பொறியியல் தெரியாது. ஆயினும் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த விதவைத் தாய் ஒருவர், தம் கழுத்திலும் கையிலும் இருந்ததை அடகு வைத்து, புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரியில் மகனைச் சேர்த்தார். கட்டடம் அரண்மனை போல் இருந்தது. ஆனால் ஒரே பாடத்திற்கு ஒரு பருவத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். ஆய்வுக்கூடத்தில் பாதிக் கருவிகள் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. பையன் ஏழு பாடங்களில் தேறாமல் நின்றான். நகை ஏலத்திற்குப் போயிற்று. அவனைச் சேர்க்குமுன் என்னிடம் கேட்டபோது, "கட்டடம் நன்றாக இருக்கிறதே" என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். அந்த வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

புதிதாகத் தோன்றும் ஒரு பொறியியற் கல்லூரி எவ்வாறு நற்பெயர் பெறுகிறது? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தஞ்சைச் சாலையில் நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் சென்றால் போதும். துவாக்குடியில் அந்த விடை நின்றுகொண்டிருக்கிறது.

கல்வி நகரம், ஆனால் பொறியியல் இல்லை

திருச்சி மாநகர் நெடுங்காலமாகக் கல்விக்குப் பெயர் பெற்றது. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-ல் இங்கு இடம்பெயர்ந்தது. 1919-ல் நேஷனல் கல்லூரி தோன்றியது. 1951-ல் மர்ஹூம் ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாஹிப், மர்ஹூம் ஹாஜி என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருந்தகையோரின் முயற்சியால் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தது. இவை யாவும் கலை, அறிவியல் கல்லூரிகள்.

பொன்மலையில் தென்னிந்திய ரயில்வேயின் மாபெரும் பணிமனை 1920களின் பிற்பகுதியிலிருந்தே இயங்கிவந்தது. முக்கொம்பில் 1836-ல் சர் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணை நின்றது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாகச் சோழர் கண்ட கல்லணை காவிரியைத் தடுத்து நின்றது. இவ்வாறு பொறியாளர் கைவண்ணம் நாற்புறமும் சூழ்ந்திருந்தும், பொறியியலில் பட்டம் பெற விரும்பிய திருச்சி மாணவர் பெட்டி கட்டிக்கொண்டு வேற்றூருக்கே செல்ல வேண்டியிருந்தது.

அவ்வாறு சென்றோருள் இருவரை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் இராமேஸ்வரத்திலிருந்து வந்து, 1950 முதல் 1954 வரை செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஏ.பி.ஜே. அப்துல் கலாம். மற்றவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, அதே காலத்தில் அதே கல்லூரியில் பயின்ற ரங்கராஜன். பின்னாளில் 'சுஜாதா' என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற எழுத்தாளர் அவர்தாம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். இருவரும் திருச்சியிலிருந்து சென்று சேர்ந்தது குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில். 'எம்.ஐ.டி.' என்று இன்றும் அழைக்கப்படுவது அதுவே.

ஐந்தாறு வயதுக் கல்லூரியை நம்பி

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எம்.ஐ.டி. தொடங்கப்பட்டது 1949-ல். கலாம் அவர்கள் அங்கு சேர்ந்தபோது அக்கல்லூரிக்கு வயது ஐந்தாறுதான். சென்னையிலோ 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி இருந்தது. எனினும் எம்.ஐ.டி.யை நாடி மாணவர் சென்றனர். ஏன்?

அதை நிறுவிய தொழிலதிபர் சி. ராஜம் அவர்கள், சென்னையில் தமக்கிருந்த மாளிகையை விற்று அப்பணத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தவர். வேறெங்கும் எளிதில் கிட்டாத விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய பாடங்களை அக்கல்லூரி துணிந்து தொடங்கியது. பறக்கும் பணி முடிந்து ஒதுக்கப்பட்ட இரண்டு விமானங்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றின் அருகிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்ததாகக் கலாம் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியிருக்கிறார்.

கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்தால் ஆகாத தொகை. அவருடைய சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த நகைக்கு ஈடாக அக்கல்லூரி என்ன கொடுத்தது?

இறுதியாண்டில் கலாம் அவர்களும் நண்பர்களும் ஒரு போர் விமானத்தின் வடிவமைப்பை மேற்கொண்டிருந்தனர். வேலை பின்தங்கியிருப்பதைக் கண்ட பேராசிரியர் ஸ்ரீநிவாசன் கடும் அதிருப்தி அடைந்தார். ஒரு மாதம் அவகாசம் கேட்டதற்கு மூன்று நாட்களே கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் எச்சரித்தார். கலாம் இரவு பகலாக வரைபலகையின் முன் நின்றார். விடுமுறை நாள் என்றும் பாராமல் அந்தப் பேராசிரியரும் வந்து வேலையைப் பார்வையிட்டார். தாம் வேண்டுமென்றே கொடுத்த நெருக்கடி அது என்பதையும் மனமாரச் சொன்னார். அந்தச் சகோதரியின் நகை வீண்போகாமல் காத்தது இத்தகைய ஆசிரியரின் கண்டிப்புத்தான்.

மதரஸாக்களில் ஓதி வந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஓர் ஆலிமைச் சந்தித்தால் நாம் முதலில் கேட்பது, "எந்த உஸ்தாதிடம் ஓதினீர்கள்?" என்பதே. பதினோராம் நூற்றாண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மதரஸாவுக்குப் பொருளும் அரச ஆதரவும் குறைவின்றி இருந்தன. எனினும் இன்றளவும் அதன் பெயர் நினைக்கப்படுவது, 1091-ல் இமாம் கஜ்ஜாலி அவர்கள் அங்கே ஆசிரியராக அமர்ந்ததால் அன்றோ?

துவாக்குடியில் ஒரு தொடக்கம்

நாடு விடுதலை பெற்றபின், அணைகளும் ஆலைகளும் எழுந்த வேகத்திற்கு ஈடாகப் பொறியாளர்கள் கிடைக்கவில்லை. ஆதலால் மத்திய அரசும் மாநில அரசுகளும் இணைந்து 'மண்டலப் பொறியியற் கல்லூரி' என்னும் புதிய ஏற்பாட்டைக் கண்டன. முதலாவது கல்லூரி 1959-ல் வாரங்கலில் தோன்றியது. 1964-ல் திருச்சிக்கு அந்தப் பேறு வாய்த்தது. காலப்போக்கில் நாடெங்கும் இவை 17 ஆயின.

இந்த ஏற்பாட்டில் இரண்டு நல்ல அம்சங்கள் இருந்தன. முதலாவது பணம். கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவை மத்திய அரசு ஏற்றது. ஆண்டுதோறும் ஆகும் நடைமுறைச் செலவை இரு அரசுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆகவே மாணவரின் கட்டணத்தை நம்பி நிற்கும் நிலை கல்லூரிக்கு இல்லை. இடம் நிரப்புவதற்காகத் தகுதியைத் தளர்த்த வேண்டிய கட்டாயமும் எழவில்லை.

இரண்டாவது மாணவர் சேர்க்கை. பாதி இடங்கள் நம் மாநிலத்தவர்க்கு. மறுபாதி பிற மாநிலத்தவர்க்கு. காஷ்மீர், வங்காளம், கேரளம் எனப் பல திசைகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் துவாக்குடி விடுதியில் ஒரே கூரையின்கீழ்த் தங்கிப் படித்தார்கள். அவர்கள் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோது திருச்சிக் கல்லூரியின் பெயரையும் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். ஒரு ரூபாய் விளம்பரச் செலவின்றி அதன் பெயர் இந்தியாவெங்கும் பரவியமைக்கு இதுவே பெருங்காரணம் என்பது அடியேனின் எண்ணம்.

முதல் முதல்வர்

அக்கல்லூரியின் முதல் முதல்வர் பேராசிரியர் பி.எஸ். மணிசுந்தரம் அவர்கள். புதுக் கல்லூரியின் முதல் தலைவருடைய பணி எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். பின்பற்றுவதற்கு முன்னோர் வகுத்த வழக்கம் எதுவும் இராது. எந்த ஆசிரியரை நியமிப்பது, தேர்வில் எவ்வளவு கண்டிப்புக் காட்டுவது, விடுதியில் எதை அனுமதிப்பது என்று ஒவ்வொன்றிலும் அவர் எடுக்கும் முடிவே பின்னால் வருவோர்க்கு மரபாகிவிடும். முதல் ஐந்தாண்டில் ஒரு தளர்வு புகுந்துவிட்டால் அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் அதை அகற்றுவது அரிது.

அப்பொறுப்பை அவர் எவ்வளவு திறம்பட நிறைவேற்றினார் என்பதற்குப் பிற்காலமே சான்று. 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் துணைவேந்தராக அவரையே அமர்த்தினார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கல்லூரியை உருவாக்கிக் காட்டியவரிடம், ஒரு பல்கலைக்கழகத்தையும் நம்பி ஒப்படைத்தார்கள். அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த மண்டலப் பொறியியற் கல்லூரியும் புதிய பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தது.

அண்டை வீட்டுத் துணை

கல்லூரிக்கு வாய்த்த அண்டை வீட்டாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே 1960களில் திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாகியா நாட்டின் ஒத்துழைப்புடன் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்து, 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நாம் 'பெல்' என்று அழைக்கும் நிறுவனம் அது. தொடர்ந்து 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தது. பெல் நிறுவனத்திற்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் துவாக்குடி வரை பெருகின.

பாடநூலில் படமாகக் கண்ட கொதிகலனை, சில மைல் தொலைவில் மாடி உயரத்திற்கு எழுந்து நிற்கக் காணும் வாய்ப்பு எல்லா மாணவர்க்கும் கிட்டுவதில்லை. கொதிகலன் என்பது பெரும்பாலும் வெல்டிங் வேலையே. ஒரு குழாய் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெல் வளாகத்தில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துவாக்குடிக் கல்லூரியிலும் வெல்டிங் பொறியியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு ஏற்பட்டது. ஊருக்கு எது தேவையோ அதைக் கல்லூரி கற்பித்தது. 1986-ல் கல்லூரியைச் சார்ந்து தொழில்முனைவோர் பூங்கா ஒன்றும் தொடங்கப்பட்டு, சொந்தத் தொழில் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு வழிகாட்டியது.

விதைத்தது விளைந்த காலம்

ஒரு கல்லூரியின் தரத்தை அதன் முதல் பட்டமளிப்பு விழாவில் அறிய முடியாது. அங்கே படித்தவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்பதே உரைகல். துவாக்குடியில் இயந்திரவியல் பயின்ற கே.ஆர். ஸ்ரீதர் அமெரிக்காவில் எரிமின்கலம் செய்யும் 'புளூம் எனர்ஜி' நிறுவனத்தை நிறுவினார். அதே துறையில் பயின்ற டி.வி. நரேந்திரன் 2013-ல் டாட்டா ஸ்டீல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கற்ற என். சந்திரசேகரன், 1986-ல் இங்கே எம்.சி.ஏ. முடித்தார். 2017-ல் டாட்டா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாட்டா சன்ஸின் தலைவரானார். தமிழ் வழியில் படித்தால் முன்னேற முடியாது என்று அஞ்சும் நம் பிள்ளைகள் இந்த வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

2003-ல் இக்கல்லூரி தேசியத் தொழில்நுட்பக் கழகமாக, அதாவது 'என்.ஐ.டி.'யாக உயர்ந்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் பெற்றது. 2007-ல் நடைமுறைக்கு வந்த நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மத்திய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தரவரிசையில் நாட்டின் என்.ஐ.டி.கள் அனைத்திலும் முதலிடம் திருச்சிக்கே கிடைத்து வந்திருக்கிறது. இந்தப் பெயர்ப்பலகை 2003-ல் மாறியது. அதற்குரிய தகுதியோ 1964 முதல் நாற்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டது.

கல்லூரிகள் பெருகிய காலம்

தமிழகத்தில் 1980களின் நடுவில் தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் அவை பெருகி, மாநிலத்தில் பொறியியற் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. திருச்சியைச் சுற்றிலும் நாற்புறச் சாலைகளில் கல்லூரிகள் எழுந்தன. அவற்றுள் பொறுப்புடன் நடந்து, நல்ல ஆசிரியரைப் பேணி, பெயர் பெற்றவையும் உண்டு. 2010-க்குப் பின் மாணவர் சேர்க்கை குறைந்தபோது, தாக்குப்பிடிக்க இயலாமல் மாநிலத்தில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. மூடப்பட்ட கல்லூரியின் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை தேடும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே புதிய கல்லூரி என்றாலே ஒதுக்கிவிட வேண்டுமா? அவ்வாறு சொன்னால் அது வரலாற்றுக்கே மாறாகிவிடும். கலாம் சேர்ந்தபோது எம்.ஐ.டி. புதியது. 1964-ல் துவாக்குடியும் புதியது. 2013-ல் ஸ்ரீரங்கத்தின் பெயரால் அரசு பொறியியற் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டு, மதுரைச் சாலைப் பக்கம் சேதுராப்பட்டியில் இயங்கிவருகிறது. அதே ஆண்டில் பிறந்த இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் முதலில் என்.ஐ.டி. வளாகத்திலேயே வளர்ந்து, பின்னர் சேதுராப்பட்டியில் சொந்த இடம் கண்டது. மூத்த நிறுவனம் இளையதைத் தன் மடியில் வைத்து வளர்த்த அழகு அது. இத்தகைய இளம் நிறுவனங்களின் எதிர்காலப் பெயர் இன்று அங்கே நுழையும் மாணவர்களின் கையிலும் இருக்கிறது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இவ்வரலாற்றிலிருந்து அடியேன் கற்றுக்கொண்டதை நான்கு கேள்விகளாகச் சுருக்கித் தருகிறேன். கல்லூரியில் பணம் கட்டுமுன் பெற்றோர் இவற்றைக் கேட்டு விடை பெறுவது நலம்.

ஒன்று: யார் கற்பிக்கிறார்கள்? எத்தனை ஆண்டுகளாக அங்கே நிலைத்திருக்கிறார்கள்? ஆண்டுக்கொரு முறை ஆசிரியர் மாறும் இடத்தில் கல்வி வேர்பிடிக்காது.

இரண்டு: பிள்ளையின் கை இயந்திரத்தைத் தொடுமா? ஆய்வுக்கூடத்தையும் பணிமனையையும் வகுப்பு நடக்கும் வேளையில் நேரில் பாருங்கள். கருவியின்மேல் தூசி படிந்திருந்தால் அதுவே விடை.

மூன்று: தேர்ச்சி எவ்வளவு? அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிட்டு வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் நிறையப் பேர் உண்டு. நாம் சேர விரும்பும் துறைக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு: ஐந்தாண்டுகளுக்கு முன் அங்கே படித்து வெளிவந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? துண்டறிக்கையில் அச்சிட்ட படங்களை விட்டுவிட்டு, நேரில் இரண்டு பேரைக் கண்டு பேசுங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

ஜமாஅத்தின் பைத்துல்மால் கல்விக் கடன் உங்கள் ஒவ்வொருவரின் வியர்வையிலிருந்தும் சேர்ந்த அமானிதம். கடன் கேட்கும் குடும்பத்தின் வறுமையை நாம் விசாரிக்கிறோம்; பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கிறோம். பணம் சென்று சேரும் கல்லூரியைப் பற்றி விசாரிப்பதில்லை. இனி அதையும் செய்ய வேண்டும். நம் மஹல்லாவில் பொறியியல் படித்துப் பணியிலிருப்போர் நால்வரையேனும் ஒரு குழுவாக அமைத்து, கடன் வழங்குமுன் அந்தந்தக் கல்லூரியை அவர்கள் நேரில் சென்று பார்த்துவர ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகப் பெருமக்களை வேண்டுகிறேன். பெல், ரயில்வே பணிமனை ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும் இதில் சேர்ந்தால் பயன் பெரிது. ஒரு பட்டறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் அங்கே வேலை நடக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடக்கூடியவர்கள் அவர்கள்.

ஜோஹரா அம்மையாரின் வளையல்கள் ஒரு விஞ்ஞானியை நாட்டுக்குத் தந்தன. நம் மஹல்லாத் தாயின் வளையல்கள் ஏலத்தில் போயின. இருவரின் தியாகமும் ஒன்றே. சென்று சேர்ந்த இடந்தான் வேறு. அந்த இடத்தை விசாரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பில் அன்று நான் தவறினேன். இனி நாம் எல்லோரும் சேர்ந்து அதைச் சரிவர நிறைவேற்றுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.